ஆறுக்கு அடுத்தவங்க

அவர் முகம் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். பெயர் தெரிந்தவர்களை அச்சகத்திலும் வீட்டிலும் தேடினால் உண்டு. ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் வரும் பேச்சரங்கத்தில் இரண்டாம் வரிசை ஓரத்து நாற்காலி அவருடையது. நரைத்த மீசை, கனத்த கண்ணாடி, எதையோ நினைவுக்குக் கொண்டுவர முயல்கிற மாதிரி ஒரு நெற்றி. மேடையில் யாராவது ஒரு பழம்பாட்டை எடுத்துவிட்டால் போதும், காமிரா அவரிடம் ஓடி வரும். அவர் தலையாட்டுவார். அவர் ஆட்டியபிறகு அந்தப் பாட்டுக்கே ஒரு மரியாதை வந்துவிடும். புரியாதவர்கள்கூட, புரிந்த ஒருவராவது இருக்கிறாரே என்ற நிம்மதியில் கைதட்டுவார்கள். அரங்கத்து ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஆமாம் சார்'.

வேடிக்கை என்னவென்றால், மற்ற நாட்களில் அவருடைய பிழைப்பே 'இல்லை' என்று சொல்வதுதான். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கவிதை, கட்டுரை, மருந்துப்பெட்டி வாசகம், எது வந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பி அச்சுக்குப் போகாது. அவர் படிக்காத நூலே இல்லை. அவர் படித்த நூல் என்றும் ஒன்று இல்லை. எழுத்து எழுத்தாக மேய்கிறவருக்கு வாக்கியம் எங்கே தட்டுப்படும்? "பொருள் எழுதினவன் தலைவலி, கொம்பும் காலும்தான் நம்ம வேலை" என்பார். சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

அப்படிப்பட்டவருக்கு, 'பிழை' என்ற சொல்லையே உச்சரிக்க வராத மனைவி வாய்த்தாள்.

அவளுக்கு ழ வராது. மழை மளையாகும், பழம் பளமாகும், குழந்தை கொளந்தையாகும். "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "பிளை திருத்துறார்" என்பாள், அந்த வாக்கியத்துக்குள்ளேயே ஒன்று திருத்தப்படாமல் நிற்பது தெரியாமல். கல்யாணமான புதிதில் அவர் அவளை எதிரே உட்காரவைத்து, நாக்கை இப்படி மடி, அண்ணத்தைத் தொடாதே, காற்றை விடு என்று பாடம் நடத்திப் பார்த்தார். அவள் நாக்கை மடித்தாள், கண்ணை உருட்டினாள், கடைசியில் சிரித்துவிட்டாள். "இதுக்கு மேல மடிச்சா முளுங்கிடுவேன்" என்றாள். அவரும் விட்டுவிட்டார். பெருந்தன்மையாக அவளை மன்னித்துவிட்டதாக இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கேட்டிருந்தால், மன்னித்தது யார் என்பதில் கருத்து வேறுபாடு இருந்திருக்கும்.

அவளுக்கு வேலை ஒரு பல் மருத்துவமனையில். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, எண்ணைக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்கள் கூடும் இடத்தில், நாள் முழுக்க வாயைத் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவள். "ஏளு! யாருங்க ஏளு? பயப்படாம வாங்க, டாக்டர் கடிக்க மாட்டார், உங்க பல்லைத்தான் பாப்பார்." டாக்டரைவிட அவளைத் தெரிந்தவர்கள்தான் அதிகம்.

பேச்சரங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். படப்பிடிப்பு தொடங்குமுன் ஒருங்கிணைப்பாளர் பார்வையாளர்கள் முன்னால் வந்து நிற்பார். "எல்லாரும் சிரிங்க. இன்னும் கொஞ்சம். இப்ப யோசிங்க. யோசிக்கிறப்ப தூங்கக்கூடாது. இப்ப ஆமாங்கற மாதிரி தலையாட்டுங்க. ஆமாம் சார், உங்களைத்தான் எல்லாரும் பாக்குறாங்க, ஆரம்பிங்க." எதற்கும் இல்லாத அந்தச் சிரிப்பையும் சம்மதத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ஸ்டாக். பிறகு பேச்சின் நடுவே எங்கே தொய்வோ அங்கே ஒட்டுவார்கள். ஒருமுறை, சேர்ந்து வாழ்வதே சிறப்பு என்ற அணிக்கும் தனியாக வாழ்வதே சிறப்பு என்ற அணிக்கும் ஒரே நிகழ்ச்சியில் அவர் தலையாட்டியிருந்தார். அச்சகத்தில் கேலி செய்தார்கள். "நான் ஆட்டினது ரெண்டுக்குமே இல்லப்பா, ஒருங்கிணைப்பாளருக்கு" என்றார். உண்மைதான். அந்த உண்மை அப்போது சௌகரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியின் தலைப்பு, பிள்ளைகளிடம் தாய்மொழியைக் காப்பாற்ற வேண்டியது பள்ளியா, வீடா என்பது. நடுவர் நாற்காலியில் அருவி. அது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டத்தின் பின்பாதி. பொருத்தமான பட்டம்தான், திறந்தால் நிற்காது, பக்கத்தில் இருப்பவர்கள் நனைந்துதான் போகவேண்டும்.

வீட்டில் கணவன் மனைவியோடு அவள் தம்பியும் வந்து உட்கார்ந்திருந்தான். அத்தானின் தலை எத்தனை தடவை வருகிறது என்று பார்ப்பது அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு.

திரையில் வீடு அணியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தையல் கடை வைத்திருப்பவளாம். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுல தமிள்தான் சார். பள்ளிக்கூடம் என்ன வேணா சொல்லித்தரட்டும், கொளந்தை அளுறது எங்ககிட்டதானே? அது எந்த மொளியில அளுதோ அதுதான் சார் அதோட மொளி" என்றாள்.

நல்ல பேச்சு. அரங்கம் கைதட்டத் தயாரானது. அதற்குள் அருவி கையைத் தூக்கினார்.

"அம்மா, உங்கள் வீட்டில் தமிழ் இருக்கிறது என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் ழகரம் நுழையாத வீட்டில் தமிழ் குடியிருக்காது தாயே, வாடகைக்குத்தான் இருக்கும்!"

அரங்கம் அதிர்ந்தது. திரை முழுக்க ஒரு முகம் வந்தது. நரைத்த மீசை, பாதி மூடிய கண்கள். தாடை மெல்ல இறங்கி, ஒரே ஒரு முறை, மேலே வந்தது.

"அத்தான்!" என்று தொடையில் தட்டினான் மச்சினன். "போட்டாங்க பாருங்க! அக்கா, அந்தாளு உன்னையத்தான் சொல்றான், அத்தானும் ஆமாங்குறார். வீட்டைக் காலி பண்ணு!"

அக்காவும் சிரித்தாள். சிரித்தபடியே எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மச்சினன் கிளம்பிப் போனதும் அவர் உள்ளே போய் நின்றார். "அது அப்ப ஆட்டினது இல்ல. முன்னாடியே எடுத்து வெச்சுக்குவாங்க. ஸ்டாக். எங்க வேணா ஒட்டுவாங்க. உனக்குத்தான் தெரியுமே."

"தெரியுங்க."

"அவன் என்ன சொன்னான்னுகூட எனக்கு நினைவில்ல."

"சரிங்க" என்றாள் அவள். விவகாரம் முடிந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார். சரி என்ற சொல்லைச் சரி என்றே படிக்கிற தொழில் அவருடையது.

அதன்பிறகு வீட்டில் ஒரு மாற்றம். அவருக்கு அது பிடிபடச் சில நாட்கள் ஆயின. பிடிபட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. மனைவியின் பேச்சு காதில் உறுத்தவில்லை. ஒரு மளை இல்லை, ஒரு பளம் இல்லை. இத்தனை வருஷம் தம்மால் முடியாததை ஒரு நிகழ்ச்சி சாதித்துவிட்டதே என்று தோன்றியது. என்ன இருந்தாலும் அருவியின் வாக்குக்கு ஒரு சக்தி இருக்கத்தான் செய்கிறது என்றுகூட நினைத்தார். அச்சில் இருக்கும் தப்பு கண்ணில் படும். அச்சில் இல்லாமலே போன சொல்லை எந்தக் கண் பார்க்கும்? அதற்கு வாக்கியத்தைப் படித்திருக்கவேண்டும்.

ஒரு சனிக்கிழமை அச்சகத்தில் மின்சாரம் போய், மதியமே கடையை மூடினார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மருத்துவமனைக்குப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. கன்னத்தைப் பிடித்தபடி ஒரு கூட்டம் காத்திருந்தது.

"பதினாறு" என்றாள் அவள். பதினாறு உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"பதினாறுக்கு அடுத்தவங்க" என்றாள்.

யாரும் எழவில்லை. பிறகு இரண்டு பேர் ஒன்றாக எழுந்து, ஒருவர் டோக்கனை ஒருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"பதினாறுக்கு அடுத்தவங்க வாங்க."

மூலையில் ஒரு பெரியவர், பந்துபோல வீங்கிய கன்னத்தோடு, தமக்கில்லை என்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினாள். கொட்டை எழுத்தில் 17. எழுதித் தயாராக வைத்திருந்த அட்டை. பக்கத்திலேயே 7 இருந்தது, 27 இருந்தது.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தம் டோக்கனைப் பார்த்தார். "இதை வாயால சொன்னா என்னம்மா? பல்வலி எனக்கா உனக்கா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. வீங்கிய கன்னங்களோடு சிரிப்பது லேசில்லை, ஆனாலும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அன்றைக்குச் சிரித்த மாதிரியே.

கடைசி பெஞ்சில் இருந்தவர் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடந்த நாட்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முந்தாநாள் சன்னலுக்கு வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியபோது, "தண்ணியா ஊத்துது, துணிய எடுங்க" என்றாளே. மாடி வீட்டுக் குழந்தையைப் 'பொடிசு' என்றாளே. காலையில் எழுப்ப வந்தவள் ஒன்றும் சொல்லாமல் போர்வையை மட்டும் இழுத்தாளே. நேற்று வாசலில் ஒருத்தி உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று கேட்டதற்கு, "தப்பு பாக்குறார்" என்றாளே. அவருக்கு அது காதில் விழுந்தது. இலக்கணப்படி சரியாக இருந்ததால் விட்டுவிட்டார்.

அந்த எழுத்தை விட்டுவிட்டு இந்த மொழியில் எப்படிக் காலம் தள்ள முடியும்? விழ முடியாது, எழ முடியாது. அழக்கூட அது வேண்டும். அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், இருட்டில் படியிறங்குகிறவள் மாதிரி, காலை வைத்துப் பார்த்துப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத்தான் அவர் திருத்தம் என்று நினைத்தார். அன்று அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவள் பார்க்குமுன் வெளியேறிவிட்டார்.

அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது: ஆதாரம். அந்தத் தலையசைப்பு ஸ்டாக் என்று சும்மா சொன்னால் போதாது, காட்டவேண்டும். படத்தைக் கேட்டு வாங்கி, கைப்பேசியில் போட்டு, இதோ பார், இது உன்னைச் சொன்னபோது ஆட்டியது இல்லை, நான் எதற்குமே ஆட்டவில்லை என்று அவள் முன்னால் வைத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். திங்கட்கிழமை அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் படப்பிடிப்புக் கூடத்துக்குப் போனார்.

படத்தொகுப்பு அறையில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு.

"வீட்டுல பிரச்சனையா சார்? வாங்க, உக்காருங்க. போன மாசம் ஒரு சார் இதே மாதிரி வந்தார். மாமியாரைப் பத்திப் பேசினப்ப கண்ணைத் தொடைச்சாராம்."

அவள் முழுப் பதிவையும் ஓடவிட்டாள். இடைவேளையில் அருவி ஒப்பனைக்காரரிடம், "கண்ணாடி கீள விளுந்துடப் போவுது, பாத்துப்பா" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. ஆமாம் சாருக்கு மனம் குளிர்ந்தது. "கேட்டீங்களாம்மா? கீளங்கறான்!"

"எல்லாருக்கும் கீளதான் சார். காமிரா ஓடினாத்தான் கீழ."

இதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. ஆதாரத்துக்கு ஆதாரம், இலவசமாக ஒரு சிரிப்பு. தையல்காரப் பெண் எழுந்தாள், பேசினாள். அருவி கையைத் தூக்கினார். குடியிருக்காது தாயே, வாடகைக்குத்தான் இருக்கும். கத்திரி படத்தை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். மறுபடி நிறுத்தினாள்.

"சார், இது ஸ்டாக் இல்ல."

"இல்லம்மா, நல்லாப் பாருங்க."

"பாருங்க, உங்க காதுக்குப் பின்னாடி மங்கலா மைக் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அவங்கதான். அப்பவே எடுத்தது. இருங்க, சத்தமும் இருக்கு போல." ஒலியைக் கூட்டினாள்.

அரங்கத்தின் சிரிப்புக்கு அடியில், மிக அருகில், ஒரு மனிதக் குரல், சுவையாக எதையோ மென்று விழுங்கியவன்போல, "ஆஹா" என்றது.

அவருடைய குரல்தான். வேறு யாருடையதாகவும் இருக்க வழியில்லை.

இப்போது நினைவுக்கு வந்தது. வந்தது என்றால், போனதே இல்லை. அந்த 'வாடகை' அவருக்குப் பிடித்திருந்தது. குடியிருப்புக்கு எதிரே வாடகையை வைத்த அழகு, சரியான இடத்தில் வந்து விழுந்த தாயே. வாழ்நாள் முழுக்க வாக்கியத்தைப் படிக்காமல் எழுத்தை மட்டும் படித்தவர், அன்றைக்கு ஒரு வாக்கியத்தை முழுதாகப் படித்தார். ரசித்தார். அது யார் மேல் விழுந்தது என்று மட்டும் பார்க்கவில்லை.

"இதுக்கப்புறம் அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க, பாக்குறீங்களா?" என்றாள் கத்திரி. "அதை வெட்டிட்டேன்."

படம் ஓடியது. சிரிப்பு அடங்கக் காத்திருந்து தையல்காரப் பெண் சொன்னாள்: "வாடகைன்னே வெச்சுக்கங்க சார். தெனம் பேசிப் பேசிக் குடுத்துக்கிட்டுத்தானே இருக்கோம். சொந்த வீட்டுக்காரங்க நீங்க, பூட்டில்ல வெச்சிருக்கீங்க?"

"இதை ஏம்மா வெட்டினீங்க?"

"பஞ்ச் போயிடும் சார்."

அந்தப் பதிலை அவர் இப்போதுதான் கேட்கிறார். அன்று அதே அரங்கத்தில், அவள் பேசும்போது, அவர் வாய்க்குள் வாடகையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். திரையில் உதடு அசைவதே தெரிந்தது.

அவர் எழுந்து நின்றதைப் பார்த்துக் கத்திரிக்கு இரக்கம் வந்துவிட்டது. "ஸ்டாக்குன்னே சொல்லிடுங்க சார். யாருக்குத் தெரியப்போகுது? வேணும்னா நான் போன்ல சொல்றேன் ஆன்ட்டிகிட்ட."

வேண்டாம் என்று சொல்லத் தலையை ஆட்டப்போனவர், நிறுத்திக்கொண்டு, "வேண்டாம்" என்று வாயால் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொய் அவரோடு கூடவே வந்தது. நல்ல பொய். அவளே ஏற்கெனவே ஒத்துக்கொண்ட பொய். எதுவும் சொல்லாமல் இருந்தாலே போதும், அது தானாக நிற்கும்.

அவள் கட்டிலில் துணிகளைப் பரப்பி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். ஒரு சட்டையை எடுத்துத் தப்பாக மடித்தார். அவள் அதை வாங்கி மறுபடி மடித்தாள்.

"ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன்" என்றார். "அது ஸ்டாக் இல்ல. அப்பவே ஆட்டினதுதான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஸ்டாக்குன்னா நீங்க மூணு நாலு தரம் ஆட்டுவீங்க, பாத்திரம் தேய்க்கிற மாதிரி. நெசமாப் பிடிச்சுப்போச்சுன்னா ஒரு தரம்தான். கண்ணு பாதி மூடிக்கும்." சட்டையின் கையை மடக்கினாள். "என்னை மொதத் தரம் பாத்தப்ப அப்படித்தான் ஆட்டினீங்க."

அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்களே அதை நம்பிக்கிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுப்பானேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் சும்மாதான் சொன்னாள்.

அவர் அந்தத் தையல்காரப் பெண்ணின் பதிலைச் சொன்னார், பூட்டு வரைக்கும். அவள் மடிப்பதை நிறுத்திக் கேட்டாள். "கெட்டிக்காரி" என்றாள். "அதை டிவில காட்டலையே."

"வெட்டிட்டாங்க." அருவியின் கீளயைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதுவும் ஒரு தப்புப் பார்ப்பதுதானே என்று விட்டுவிட்டார். "டோக்கனைப் பழையபடி வாயால கூப்பிடேன்" என்றார். "நான் சனிக்கிழமை வந்திருந்தேன். பின்னாடி உக்காந்திருந்தேன்."

அவள் ஒரு போர்வையை உதறி விரித்தாள். "அட்டைதான் நல்லா இருக்கு. காது கேக்காதவங்களுக்கும் தெரியுது" என்றாள்.

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. ஒருங்கிணைப்பாளர். "ஆமாம் சார்! இந்த வாரம் ஷூட்டிங். வீட்டில் நாம் மனம்விட்டுப் பேசுகிறோமாங்கறதுதான் தலைப்பு. உங்க தலை இல்லாம முடியாது."

"நான் வரல."

"என்ன சார், உடம்புக்கு என்ன?"

என்னவென்று சொல்வது? வாய்க்கு வந்தது வெளியே வந்தது. "கழுத்து. கழுத்து சுளுக்கிக்கிச்சு. ஆட்ட முடியல."

கைப்பேசியை வைத்தபோது எதிரே ஒரு சத்தம். அவள் ஒரு துண்டை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"களுத்து சுளுக்கா?" என்றாள். "களுத்தா?"

எத்தனை நாளாகக் காத்திருந்த எழுத்து. அதைக் கேட்டதும் அவருக்குள் முதலில் எழுந்தது சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். எழுந்தது ழ. பழக்கதோஷம், நாக்கு நுனி தானாக மடிந்து மேலே போய்விட்டது. அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஆனால் மூடியதை அவள் பார்த்துவிட்டாள்.

சிரிப்பு நின்றது. "சொல்லுங்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பல் மருத்துவமனையில் பார்க்கிற மாதிரி, நிதானமாக. பிறகு குனிந்து அடுத்த துணியை எடுத்தாள்.

"களுத்து" என்றாள், ஒரு மடிப்பு மடித்து. "களுத்து." இன்னொரு மடிப்பு. "களுத்து."

அவர் தலை எந்தப் பக்கமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.